பூவா தலையா

ஒட்டியம்பாக்கம் குவாரிச் சாலை முடிகிற இடத்தில்
நாற்பத்திரண்டு வீட்டுக் கழிவுநீர்
ஒரே குழாயாக வந்து இறங்குகிறது.
முதல் தொட்டியில் கசடு அடங்கும்.
அப்புறம் முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, மணல்;
மேலே கல்வாழை, ஓரத்தில் சம்பு.
மோட்டார் கிடையாது.
சரிவுதான் சம்பளமில்லாத ஆள்.

சம்பளம் உள்ள ஆள் ஏகவல்லி.
செவ்வாய்தோறும் நான் ஐஸ் பெட்டியோடு போகும்போது
இடுப்பளவு பச்சைக்குள் நிற்பாள், கருக்கரிவாளோடு.

"பூத்திருக்கே, ஏம்மா வெட்டற?"
"வுட்டா சாஞ்சு அழுகி
தின்னதையெல்லாம் தண்ணிலயே கக்கிடும் சார்.
சத்து வெளிய போவணும்னா
செடி வெளிய போவணும்."
நான் படித்த புத்தகத்துக்கு இதைச் சொல்ல
நாலு பக்கம் ஆனது.

கடைசித் தொட்டியின் அடியில்
யாரோ போட்ட ஐம்பது காசு.
பூவா தலையா என்பதுவரை தெரிந்தது.
எனக்கும் ஆசைதான், அதை நம்ப.

புதன் காலை
இன்குபேட்டர் தட்டில் நீலப் புள்ளிகள்.
முதல் தட்டை எண்ணவே முடியவில்லை.
பத்து மடங்கு கரைத்ததில் அறுபத்தொன்று.

போன் செய்தேன்.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
"தெளிஞ்சிருக்குன்னுதான் சொன்னேன்,
சுத்தம்னு சொல்லலியே."
அப்புறம்,
"வெயில் உள்ள எறங்குற மாதிரி
ஆழம் கம்மியா ஒரு குட்டை வெட்டட்டா?"

அடுத்த செவ்வாய்
முழங்கால் ஆழத்தில் குட்டை,
அதில் மத்தியான வெயில் மல்லாந்து கிடந்தது.
பாட்டிலை நிரப்பினேன்.

மேடவாக்கம் பஸ்ஸில் பெட்டியை
மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்கார்ந்து
"மீனா?" என்றார்.

அதைவிட உயிர் ஜாஸ்தி,
குறைந்திருந்தால் தேவலை.