டி என்றிருந்தது ஈ ஆனபோது

வர்டோவில் கோடை வந்தாலும் கையுறை கழறாது.
அப்படியொரு ஜூனில்
சுன்னிவாவின் கணினிக்குப் புது டிரைவ் போட்டவன்
நான்தான்.
பழையது முனகிக்கொண்டிருந்தது.
புதியது மூச்சுகூட விடவில்லை.
மேகத்தில்தான் எல்லாம் இருக்கிறதே,
தானாக இறங்கும் என்று
பழையதைத் துடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன்.
கவனிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று:
டி என்றிருந்த தலையெழுத்து
ஈ என்று மாறியதை.

அவள் கப்பலில் இருந்தாள், ஆறு வாரம்.
இங்கே ஆளில்லாத அறையில்
ஒத்திசைக்கும் நிரல் டி-யின் கதவைத் தட்டியிருக்கிறது.
கதவே இல்லை.
சரி, அம்மாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள் போலும் என்று
அதுவாக ஒரு முடிவுக்கு வந்து
மேகத்திலும் அழித்தது.
பதினோரு வருடக் கூட்டுக் கணக்கு.
எந்தப் பாறை, எத்தனை கூடு, எத்தனை குஞ்சு.
குப்பைத்தொட்டி முப்பது நாள் காத்திருந்துவிட்டுக்
கை கழுவியது.
அவள் வந்து திறந்தபோது
பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி:
உங்கள் கோப்புகள் அனைத்தும் சீராக உள்ளன.

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
"குடிசையில் பழைய மடிக்கணினி இருக்கிறது, ஸ்டைனார்.
செப்டம்பரில் சார்ஜ் செத்தது.
அதற்கு இன்னும் சேதி தெரியாது."

சேதி தெரியாத ஒன்றை
எழுப்புவது எப்படி?
வைஃபை வாசனை பட்டால் போதும்,
அதுவும் கீழ்ப்படிந்துவிடும்.
ரவுட்டரைப் பிடுங்கலாம் என்றேன்.
"மீன்கடை, நூலகம், பக்கத்து வீட்டு யோருன்,
எல்லாருடைய கடவுச்சொல்லும் அதற்கு மனப்பாடம்."
பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் வாழ்ந்த கணினி.
என்னைவிட அதற்குத்தான் இங்கே பழக்கம் அதிகம்.

ஆகவே கடலுக்கடியில் போனோம்.
ஊரையும் கரையையும் இணைக்கும் சுரங்கப்பாதையில்
பழுதான வண்டிகளுக்கென்று ஓர் ஒதுக்கிடம்.
பழுது எங்களுடையதுதான், வண்டியுடையது அல்ல.
எச்சரிக்கை விளக்கு டிக் டிக்கென்றது.
தலைக்கு மேல் பாறை,
பாறைக்கு மேல் பாரன்ட்ஸ் கடல்.

மூடியைத் திறக்கப் போனாள். நிறுத்தினாள்.
"உன் கைபேசி?"
அதையும் அந்த மடிக்கணினிக்குத் தெரியும்,
போன வருடம் படகில் இரவல் இணையம் தந்தேன்.
அணைத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது,
கைக்குண்டை மடியில் வைத்தவன் போல.

திரை வெளுத்தது. முப்பத்தொரு சதவீதம்.
மூலையில் இரண்டு அம்புகள்
ஒன்றையொன்று துரத்திச் சுழன்றன.
யாரையோ தேடின.
யாரும் இல்லை.
நின்றன.

பென் டிரைவைச் சொருகினாள்.
பத்தொன்பது சதவீதத்தில் 2016.
பதினொன்றில் 2020.
லாரி ஒன்று கடந்தபோது கார் முழுக்க ஆடியது;
இருவரும் சேர்ந்து பென் டிரைவைப் பிடித்துக்கொண்டோம்,
அது ஆடவே இல்லை.
நான்கு சதவீதம். கடைசிக் கோப்பு.
அதன் பெயரிலேயே ஒட்டியிருந்தது:
'முரண்படும் நகல், சுன்னிவா'.
அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.
"என் கணவரும் இதையேதான் சொன்னார், போகும்போது."
திரை கறுத்தது.

வெளியே வந்தோம். நிஜ மேகம்
கூரை உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது.
கைபேசியை உயிர்ப்பித்தேன்;
துள்ளிக்கொண்டு வந்தது அதே பச்சைச் சரிக்குறி,
அதே வாசகம்.
பொய் என்று சொல்ல முடியாது. அதன் கணக்கில்
பூஜ்யமும் பூஜ்யமும் சமம்தானே.

மீன் கிடங்கின் ஜன்னல் விளிம்புகளில்
க்ரிக்யேக்கள், தம் பெயரைத் தாமே கத்தும் கடற்காகங்கள்.
"நிறுத்து" என்றாள்.
கண்ணாடியை இறக்கி, உதடு அசைய எண்ணி,
என் பெட்ரோல் ரசீதின் பின்புறம்
பென்சிலால் எழுதினாள்: பதினேழு.
அந்த ரசீதை
என்னிடம்தான் கொடுத்தாள்.
இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.