307-க்கான ரசீது

ஆன் பண்ணிவிட்டு டீ குடித்து வரலாம் என்றார் தேசிங்கு,
வாலாஜா போய்க்கூட வரலாம்.
ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் மூன்று மாடி லாட்ஜ்.
கவுன்டர் மேலே தமிழில், இந்தியில், பெங்காலியில்
'அடுப்பு வாடகைக்குக் கிடைக்கும்'.

வைரஸ் என்று அவரே தீர்ப்பு எழுதியிருந்தார்.
போன வாரம் ஒரு பையன் வந்து
விண்டோஸ் மாற்றி எழுநூறு வாங்கிப் போனானாம்.
இரண்டு நாள் ஓடியது, பிறகு பழையபடி.

பார்த்தேன்.
பிராசஸர் சும்மா இருக்கிறது, ராம் பாதி காலி,
டிஸ்க் மட்டும் நூறு சதவீதம்.
ஒரு ஃபைலும் திறக்காமலே
நூறு சதவீதம்.

மூடியைக் கழற்றினால்
மே மாதத்து வேலூர் உள்ளே குடியிருந்தது:
ஃபேனில் கம்பளியாய்த் தூசு, ஒரு பல்லிமுட்டை ஓடு.
கேபிளை மாற்றினேன், போர்டில் வேறு துளையில் சொருகினேன்,
பவர் முனையையும் மாற்றிப் பார்த்தேன்.
அறுபது ரூபாய் கேபிளே குற்றவாளியாக இருந்த நாட்கள் உண்டு.
இன்று இல்லை.

காதை வைத்தேன்.
சுழல்கிறது. டிக். டிக். டிக்.
பிறகு ஒரு நிறுத்தம்,
மாடியேறி வந்தவர்
எதற்கு வந்தோம் என்று நிற்பது போல.
மறுபடி டிக்.

இடம் மாற்றிய செக்டர்கள் ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு.
காத்திருப்பவை முந்நூற்றுப் பன்னிரண்டு.
'இன்னாம்மா, தேறுமா?'
'தேறாது சார். ஆனா இன்னும் கொஞ்ச நேரம் பேசும்.
இனிமே இதுல எதுவும் எழுதாதீங்க.
ராத்திரிக்கு நோட்டுல எழுதுங்க.'
நோட்டைத் தேட அவருக்கு அரை மணி நேரம் ஆனது.

என் லேப்டாப், ஒரு புது டிஸ்க்,
பழையதின் மேல் காற்றுக்கு டேபிள் ஃபேன்.
நகலெடுக்க ஒரு முறை இருக்கிறது:
வாசிக்க விடும் இடத்தை முதலில் வாசி.
முரண்டு பிடித்தால் நிற்காதே, தாண்டிப் போ.
கடைசிவரை போய்விட்டுப்
பின்பக்கமாகத் திரும்பி வா.
முன்வாசலில் தட்டித் திறக்காத வீடு
கொல்லைப்பக்கம் சில சமயம் திறக்கும்.

பதினொன்றரைக்குத் தொண்ணூற்று நான்கு சதவீதம்.
கரண்ட் போனது.
தேசிங்கு தன் அறை ஃபேனை நிறுத்தி
இன்வெர்ட்டரை முழுதாக எனக்கு விட்டார்,
வேலூரில், மே மாதத்தில்.
கூலியில் இருநூறு குறைத்துக்கொண்டேன்.

கவுன்டரில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தார்.
மலய் பிஸ்வாஸ், கிருஷ்ணநகர், அறை 307.
அவருக்குத் தமிழில் ஆறு சொல் தெரியும்:
மாத்திரை, ரசீது, கொஞ்சம், நாளைக்கு, மேலே, தூக்கம்.
மார்ச்சில் தங்கிய பத்தொன்பது நாளுக்கு பில் கொடுத்தால்தான்
அவர் கம்பெனி பணம் தருமாம்.
காலை ஆறரைக்கு அவருக்கு ரயில்.
'ரசீது?' என்பார். 'கொஞ்சம்' என்பேன்.
அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு நிறுத்தினேன்.
வராதது நாற்பது எம்பிக்கும் கீழே.
மார்ச் ஃபோல்டர் திறந்தது. பில்கள் முழுசாக.
பிரின்டர், வழக்கம்போல், இரண்டு தாள் சேர்த்து இழுத்தது.

அவர் மனைவி ஷெஃபாலியின் அடையாள அட்டை ஸ்கேன் மட்டும்
நெற்றி வரை வந்தது, குங்குமம் வந்தது,
புருவத்துக்குக் கீழே
வெறும் சாம்பல் நிறம்.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ஒரு ஆஸ்பத்திரிச் சந்தில்
பாதி முகத்தை எப்படிக் காட்டுவது?

அவர் குனிந்து பார்த்தார்.
சிரித்துவிட்டார்.
'மேலே' என்று கூரையைக் காட்டினார். 'தூக்கம்.'
பிறகு ஏழாவது சொல்லைத் தேடி,
இரண்டு கையாலும் காற்றில்
ஒரு முழு வட்டம் போட்டார்.

அடுத்த வாரம் போனேன்.
டீக்குப் போக நேரமே கிடைப்பதில்லை என்று
தேசிங்கு குறைப்பட்டார்.
பழைய டிஸ்க்கைப் பிரித்து, தட்டைக் கீறிப் போட்டு,
காந்தத்தை மட்டும் அவருக்கே கொடுத்தேன்.
வாங்கும்போதே கட்டைவிரலைக் கவ்வியது.
திட்டிக்கொண்டே அதை இரும்பு பீரோவில் ஒட்டினார்,
கரண்ட் பில்லுக்கு.
பக்கத்தில் அந்த நோட்டு,
நேற்றைய தேதி வரை எழுதி.