கழுவாமல் விட்ட ஞாயிறு

முதல் கத்தி பசார் மாலாமில் வாங்கியது.
பன்னிரண்டு ரிங்கிட், சிவப்புக் கைப்பிடி.
ஆப்பிள் அரியலாம் என்றான் விற்றவன்.
ஆப்பிளுக்கா வாங்கினேன்?

ஊத்தான் மெலிந்தாங்கில் ஆறு இனிப்பதில்லை.
ஏற்றத்தில் கடல் உள்ளே வந்து
செம்பனை வாய்க்கால் மதகுவரை
முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும்.
ஆலைத் தராசு அறையில் உட்கார்ந்திருந்தாலும்
உதடு லேசாகக் கரிக்கும்.

சனிவரை எனக்கு வேலை கழித்தல்:
லாரி குலையோடு வரும் எடை,
காலியாகப் போகும் எடை.
ஞாயிறு கனகமணியோடு வாடகைப் படகு.
அவளுக்கு மோட்டார், எனக்கு நங்கூரம்.

ஒரு ஞாயிறு மழை துரத்தியது.
ஐந்து சியாக்காப், ஒரு கெளுத்தி.
கத்தியைச் செதிலோடு மடக்கிப்
பைக்குள் போட்டேன்.
ஏழு நாள் மறந்தேன்.

அடுத்த ஞாயிறு, கழிமுகம் தாண்டி,
யாரோ கைவிட்ட வலைக்கயிறு
மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டது.
படகு அலைக்கு விலா காட்டியது.
கத்தி, என்றாள் கனகமணி.
திறக்கவில்லை.
நகம் பெயர்ந்தது. பல்லால் இழுத்தேன்;
நாக்கில் துரு, உப்பு, போன வார மீன்.
கத்தி, என்றாள் மறுபடி, மெதுவாக.
அந்த மெதுவுதான் பயமாக இருந்தது.

கடைசியில் அறுத்தது
மதியச் சோற்றுக்குக் கொண்டுவந்த
சார்டின் டப்பாவின் மூடி.
முக்கால் மணி நேரம், நான்கு உள்ளங்கை ரத்தம்.
கரையில் அவள் கேட்டது ஒன்றே:
"லாரிக்காரன் ஒரு கிலோ ஏமாத்துனா
கண்டுபிடிச்சிடுவ இல்ல நீ?"

திங்களன்று தவுக்கே ஓங் கடை.
கண்ணாடிப் பெட்டிமேல் மூன்றை விரித்தார்.
ஒன்று, நாள்பட்டும் கூர் விடாது,
ஆனால் உப்புக்காற்று பட்ட மாலையே
உடம்பெல்லாம் மச்சம் விழும்.
ஒன்று, ஊசி முனை.
ஆடும் படகில் அது முதலில் தேடுவது
பிடித்தவள் தொடையைத்தான்.
ஒன்று, மொட்டை மூக்கு, மங்கல் நிறம்,
வாலில் கயிறு கோக்க ஓட்டை.
"இது சீக்கிரம் மழுங்கும், தங்காச்சி.
ஆனா துரு பிடிக்க சோம்பேறி."

அவருடைய குடிதண்ணீரில் கையை நனைத்து,
கண்ணை மூடி, இடது கையால்
பத்து முறை திறந்து பார்த்தேன்.
ஓங் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன்.
சோம்பேறியையே வாங்கினேன்.

இப்போது வீட்டுக்கு வந்ததும்
மீனுக்கு முன்னால் கத்தி.
குழாயடியில் விரித்து, பழைய பல்துலக்கியால்
மூட்டின் இடுக்கை, உப்பு எங்கே உட்காருமோ அங்கே;
பிறகு திறந்தபடியே காற்றாடிக்குக் கீழே.
கத்தி குளிச்சாச்சா, இனி நான் போகலாமா என்பார் கணவர்.
காத்திருக்கட்டும்.

எண்ணெய்தான் வேடிக்கை.
லாரி லாரியாகக் குலை பிழியும் ஊரில்
என் கத்திக்கு அதில் ஒரு சொட்டும் ஆகாது.
இடுக்கில் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும்.
தையல் மிஷின் எண்ணெய், ஒரே சொட்டு;
வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.
மீனையும் இதே கத்திதான் தொடப்போகிறது.

ஓங் கடைக்குப் போன அன்றே
பழையது, புதியது இரண்டையும்
ஆலை லேபின் சின்னத் தராசில் நிறுத்து
நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். தொழில் புத்தி.
ஓராண்டு கழித்து, ஆளில்லாத மதியம்,
மறுபடி வைத்தேன்.

புதியது அன்று எழுபத்தெட்டுப் புள்ளி நான்கு கிராம்,
இன்று எழுபத்தேழு புள்ளி ஒன்பது.
அரை கிராம் தீட்டுக்கல் தின்றது.
அது நியாயமான கணக்கு.

இழுப்பறையில் மூடியே கிடந்த
சிவப்புக் கத்தி
எடை கூடியிருந்தது.
மறுபடி வைத்தேன். கூடித்தான் இருந்தது.
எதையும் அறுக்காமல், யாரும் தொடாமல்,
காற்றைத் தின்று, ஈரத்தைக் குடித்து.

இருபது வருடமாகக் கழிக்கிறேன்,
காலியாக வரும்போது கனத்து வந்த
லாரி ஒன்றைப் பார்த்ததில்லை.

கனகமணிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, நாளைக்கு ஏற்றம் ஆறு மணிக்கு,
தீட்டுக்கல்லை மறக்காதே,
சார்டின் நான் எடுத்து வர்றேன் என்றாள்.