பிரிண்டர் பழுது

தோ பாயோ கிளை. நான்காவது கவுண்டர்.
திரையில் அவர் எண் விழும்போதெல்லாம்
எழுந்து வருவது மகன்தான்.
அவர் பின்னால் வருவார்,
நெரிசலான லிஃப்டில் கடைசியாக ஏறுகிறவர் போல.

சவரிமுத்து. வயது எண்பத்தொன்று.
தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம்
கிரேன் ஓட்டியவர் என்று
மகனே ஒருமுறை சொன்னான், பெருமையாகத்தான்.
கப்பல் கப்பலாகக் காலி செய்த கை
இப்போது கையெழுத்தில் ‘மு’ வரை வந்து
பேனாவைத் தூக்கிவிடுகிறது.

மார்ச்சில் எண்ணூறு வெள்ளி.
ஏப்ரலில் இரண்டாயிரம்.
மே மாதம், கைபேசி எண்ணை மாற்றும் படிவம்.
புது எண் மகனுடையது.
“அப்பாவுக்குக் காது சரியாக் கேக்காது, மிஸ்.”
மூன்றிலும் என் முத்திரை இருக்கிறது.
நீள வரிசை, சாப்பாட்டு நேரம்,
கையெழுத்து பொருந்தியது.
பொருந்தினால் போதும் என்பது விதி
என்று சொல்லிக்கொண்டேன்.
விதி அப்படிச் சொல்லவில்லை.

ஜூலையில் வந்தார்கள்.
வெளியே வெயில் கொளுத்த
அவருக்கு முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான்.
பேனாவுக்குக் கை நீட்டியபோது
சட்டை அரை அங்குலம் பின்வாங்கியது.
நான்கு விரல். ஒரு கட்டைவிரல்.
ஓரங்களில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.
பணம் எண்ணுகிறவள் நான்,
எண்ணுவது தானாக வரும்.

“சார், பிரிண்டர் பழுது.
படிவத்தை மாடியில வாங்கிட்டு வரணும்.
ஐயாவால படி ஏற முடியாது, நீங்க போங்களேன்.”
பதினொரு வருட வேலையில்
வாடிக்கையாளரிடம் சொன்ன முதல் பொய்.
என் பின்னால் அதே பிரிண்டர்
பக்கத்துக் கவுண்டர் ஹுய் லிங்குக்குத்
தாள் தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது.
அவள் என்னைப் பார்த்தாள்.
கையை நீட்டி அதை அணைத்தாள்.

ஏற ஒரு நிமிடம். இறங்க ஒரு நிமிடம்.
பயிற்சி வகுப்பில் தந்த கேள்விகள் ஆங்கிலத்தில்.
தமிழில் அதை எப்படிக் கேட்பது?
‘உங்க மகன் உங்களை’ என்று தொடங்கி
அந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

“சாப்டீங்களா ஐயா?” என்றேன்.

எல்லோரும் ஆமாம் சொல்லும் கேள்வி அது.
பட்டினி கிடப்பவனும் மானத்துக்காக ஆமாம் என்பான்.
அவர் யோசித்தார்.
“நேத்து,” என்றார்.

பிறகு வேகமாக, மாடிப்படியைப் பார்த்தபடி:
“கெட்டவன் இல்லம்மா. வேலை போயிடுச்சு அவனுக்கு.
போலீசு கீலீசு வேணாம்.
கார்டு மட்டும் என் கையில இருந்தாப் போதும்.”
“உதவிக்கு ஆள் வரச் சொல்லட்டுமா?”
ஆமாம் இல்லை. வேண்டாமும் இல்லை.
மேசைக்குக் கீழே ஆட்காட்டி விரலை உயர்த்திச்
சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.
மற்றொரு உள்ளங்கையை அதன்மேல்
அசையாமல் பிடித்திருந்தார்.
புரியவில்லை எனக்கு.
படியில் செருப்புச் சத்தம். பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“பரிசீலனை முடியும்வரை பணம் எடுக்க முடியாது, சார்.”
மகன் மேசையில் அறைந்தான்.
மேலாளர் வந்தார்.
வரிசை முழுவதும் குனிந்து
அவரவர் கைபேசியைப் பார்த்தது.

நாலரை மணிக்கு அழைத்தேன்.
மறுமுனையில் ரொஹானா என்ற சமூக சேவை ஊழியர்,
பெயர், புளோக், மாடி எல்லாம் கேட்டுவிட்டு
முன்பே எதையாவது கவனித்தீர்களா என்றார்.
மூன்று முறை, என்றேன்.
தட்டச்சுச் சத்தம் ஒரு நொடி நின்று
மறுபடி தொடங்கியது.

இரவு, துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்து வந்த தம்பியிடம்
அந்த விரலையும் உள்ளங்கையையும் செய்து காட்டினேன்.
சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:
“கிரேன்காரனுக்குக் காட்டுற சைகைக்கா அது.
தூக்கு. ஆனா மெதுவாத் தூக்கு.
உடையற சாமான் இருந்தா அப்படித்தான்.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு
அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.
ரொஹானாவின் எண்ணைத் தேடி எடுத்தேன்,
அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு.