வைன் ஷாப்புக்கு எதிரே

தொலைபேசியில் வழி சொன்னவர்
தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"ஜிடிபி நகர்ல இறங்கி இடது பக்கம்.
முனிசிபல் ஸ்கூல், ரெண்டாவது மாடி.
எதிர்ல ஒரு வைன் ஷாப் இருக்கும்.
மன்னிக்கணும்மா,
அந்தத் தெருவுக்கு வேற அடையாளம் கிடையாது."

அந்தக் கடை எனக்குத் தெரியும்.
ஆறு கடைகளை முறைபோட்டு வைத்திருந்தேன்,
எந்தக் கடைப் பையனும் என் முகத்தை
வாரத்தில் இரண்டாம் தடவை பார்த்துவிடாதபடி.
திங்கள் செம்பூர். புதன் வடாலா.
கறுப்புப் பையின் வாயில்
கறிவேப்பிலைக் கொத்து துருத்தித் தெரிய வேண்டும்.
இத்தனை கணக்காக
வேறெதையும் நான் நடத்தியதில்லை.

கணக்குதான் என் தொழில்.
கூட்டுறவு வங்கி, மூன்றாம் கவுன்டர்.
விரல் நடுங்கினால் நோட்டு ஒட்டிக்கொள்ளும்.
ஜனவரியில் ஓர் ஐந்நூறு குறைந்தது,
மார்ச்சில் இரண்டு.
கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டினேன்.
ஏப்ரலில் மேனேஜர் ஸாவந்த்
நோட்டெண்ணும் மிஷினை
என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

முதல் தடவை கேட் வரைக்கும் போனேன்.
மாடியில் ட்யூப் லைட்.
யாரோ சிரித்தார்கள், பலபேர் சேர்ந்து.
சிரிப்பு இருக்கும் என்று
நான் நினைத்திருக்கவில்லை.
சாலையைக் கடந்தேன், எதிர்ப் பக்கமாக.
அன்றைக்குக் குவார்ட்டர் போதவில்லை.

இரண்டாம் தடவை பூட்டு.
பிள்ளைகளுக்கு இங்கே ட்யூஷன் உண்டா
என்றுதான் வாட்ச்மேனிடம் கேட்டேன்.
வடாபாவை மென்றபடி
"மங்கள், குரு, ஷனி" என்றான்,
"ராத்திரி எட்டு மணி."

மூன்றாம் தடவை சனிக்கிழமை, மழை.
ஏலக்காய் மெல்லாமல் போனேன்.
அதுவே பாதி அம்மணம்.
வாசலில் பதினொரு ஜோடிச் செருப்பு,
அத்தனையும் ஆம்பளைச் செருப்பு.
டீ ஊற்றிக்கொண்டிருந்த உயரமானவர்
என் ஈரப் புடவையைப் பார்த்து
மரியாதையாகச் சொன்னார்:
"வீட்டுக்காரங்களுக்கான கூட்டம்
வியாழக்கிழமைம்மா, பக்கத்து ரூம்ல.
அவர் எத்தனை வருஷமா குடிக்கிறார்?"

அவர்.
காபிக்குச் சர்க்கரைகூடப் போட்டுக்கொள்ளாதவர்.

தலையாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம்.
இதைவிட நல்ல சாக்கை
எந்தச் சாமியும் எனக்குத் தந்ததில்லை.
வியாழன் என்றால் வியாழன்.
அப்புறம் எந்த வியாழனும் இல்லை.

"எனக்குத்தான்" என்றேன்.
ட்யூப் லைட் ரீங்கரித்தது.
"ஒன்பது வருஷம்."

அவர் வார்த்தை தேடினார், கிடைக்கவில்லை.
டீ கிளாசை என் கையில் கொடுத்தார்.
கையைப் பார்த்தார்.
வாங்கி, பாதியைத் தன் கிளாசுக்கு மாற்றி
திரும்பக் கொடுத்தார்.
எவ்வளவு இருந்தால் சிந்தாது என்று
அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் வகுப்புப் பெஞ்சு.
முழங்கால் மேசையில் இடித்தது.
காம்பஸ் முனையால் யாரோ கீறிய பூனைக்கு
ஐந்து கால்.
எசக்கிமுத்து என்று ஒருவர்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
காஸ் சிலிண்டரை விற்றுக் குடித்துவிட்டு
வீட்டுக்குப் போய்
சோறு ஏன் ஆறிக்கிடக்கிறது என்று
தட்டை விசிறிய இரவைச் சொன்னார்.
சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.
பிறகு எல்லாரும்.
என் தொண்டையிலிருந்தும் ஏதோ சத்தம் வந்தது.
கேட்டில் யாராவது நின்றிருந்தால்
கேட்டிருக்கும்.

என் முறை வந்தபோது
பெயர் மட்டும் வந்தது.
பெயர் போதும் என்றார்கள்.

இறங்கும்போது மணி ஒன்பது இருபது.
கடை பத்து வரைக்கும்.
ஷட்டர் முழுசாகத் தூக்கியிருந்தது,
உள்ளே அடுக்கடுக்காய் வெளிச்சம்.
குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு
நடந்தேன். மழை நின்றிருந்தது.

குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி.
ஒவ்வொரு ஸ்டேஷனும் எனக்கு ஒரு கடை.
கதவருகே நிற்காமல்
உள்ளே தள்ளிப்போய்
இரண்டு பெண்களுக்கு நடுவே
நகரச் சொல்லி உட்கார்ந்தேன்.