செவ்வாய்க்கிழமை வாளி

வேனிலிருந்து புல்வெட்டியை இறக்கும் முன்
தோட்டத்தை ஒருமுறை நடந்து பார்ப்பேன்,
தலை கவிழ்ந்து, அடிமேல் அடி வைத்து.
இடக்கையில் வாளி, வலக்கையில் குட்டைப்பிடி மண்வாரி.
மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்குக்
கம்மல் தொலைத்தவள் போலத் தெரியும்.
தேடுவது பொன் இல்லை.

ஹாலிஃபாக்ஸ் மேட்டுத் தெருக்களில் எனக்கு
இருபத்திரண்டு தோட்டம்.
பதினான்கில் நாய்.
மூன்றில், நாங்கள் வளர்க்கவில்லை என்று
எல்லோரும் சத்தியம் செய்யும் பூனை.

புல் உயர்ந்த மே மாதத்தில்
கால் அறியாது, கண் அறியாது,
சுழலும் நைலான் நரம்புதான் முதலில் அறியும்.
முதல் வருஷம் அப்படித்தான்.
வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தேன்.
அதற்குப் பிறகு வேலையில் பாடியதில்லை.
முகக்கவசம் முப்பது பவுண்டு;
அந்த நிமிஷம் யாராவது விற்றிருந்தால்
முந்நூறு கொடுத்திருப்பேன்.

பூட்ஸ் அடியின் பள்ளங்களை
ஐஸ்கிரீம் குச்சியால் தோண்டப் பழகிவிட்டது.
சாண்ட்விச்சைக் காகிதத்தோடு பிடித்துத் தின்னவும்.
மழை நாளைவிட உறைபனிக் காலை மேல்:
கல்லாய் இறுகி, வெள்ளி பூசி,
'டங்'கென்று வாளியில் விழும்.
குளிருக்கு நன்றி சொல்கிற தோட்டக்காரி
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

சக்டன் அம்மாளுக்குச் சீட்டு எழுதினேன்:
"நாய்க் கழிவு அள்ள இனி ஐந்து பவுண்டு கூடுதல்."
பதில் அதே சீட்டின் பின்பக்கம்:
"எங்கள் டச்சஸ் அப்படிச் செய்ய மாட்டாள்.
நரியாக இருக்கும்."
இருக்கலாம்.
பிள்ளைகளின் மெழுகுக் கலர்க்குச்சியைத் தின்று
பச்சையாகப் போகிற நரி.
வினை விதைத்தவன் வினை அறுப்பானாம்.
விதைத்தது டச்சஸ்.
அறுப்பது நான்.

ஆக்ராய்ட் அப்படி இல்லை.
பஸ் ஓட்டி ஓய்ந்தவர்; இரண்டு முழங்காலும் மாற்றியவை.
குனிய முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.
சமையலறை ஜன்னல் விளிம்பில், ஜாம் மூடிக்குள்,
அடுக்கி வைத்த ஐந்து ஒற்றைப் பவுண்டு.
மேபல், அவருடைய நீளக்கால் சாம்பல் நாய்,
நான் சுத்தம் செய்த மூலைக்கே பின்தொடர்ந்து வந்து
என் கண்ணைப் பார்த்தபடி
புதிதாக ஒன்று வைத்துவிட்டுப் போகும்.
அது கணக்கில் சேராது. அன்பளிப்பு.

மார்ச், இரண்டாம் செவ்வாய்.
வேலியிலிருந்து கொட்டகை வரை நடந்தேன்.
கொட்டகையிலிருந்து கூஸ்பெரிப் புதர் வரை.
ஒன்றுமில்லை.
நல்ல நாள் என்றுதான், வெட்கமில்லாமல்,
முதலில் நினைத்தேன்.
ஜாம் மூடியில் ஐந்து காசும் இருந்தன.
கதவைத் தட்டி, "இன்றைக்கு இது வேண்டாம்" என்றேன்.
அவர் தோளுக்குப் பின்னால்
தண்ணீர்க் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.
"எடுத்துக்கோ, ரொவீனா" என்றார்.
"புதரடியில் சரியாகப் பார்த்தாயா?
அங்கே ஒன்று இருக்கும். அவளுக்குப் பிடித்த இடம்."

திரும்பப் போனேன்.
முள் விலக்கினேன். ஈர மண், பாசி,
போன வருஷத்துச் சருகு.
ஜன்னலில் அவர் நின்றார்.
குனிந்தேன்.
மண்வாரியைச் சாய்த்து
ஒரு கரண்டி பாசியை அள்ளி
வாளியில் போட்டு, மூடியை அழுத்தி,
கட்டைவிரல் உயர்த்திக் காட்டினேன்.
அவரும் உயர்த்தினார்.

அடுத்த செவ்வாயும்
மூடியில் ஐந்து இருந்தன.
அதற்கடுத்த செவ்வாயும்.
புதரடியில் இப்போது ஒரு சின்னப் பள்ளம்.

பதினோரு மணிக்கு சக்டன் வீடு.
நரி வந்து போயிருந்தது.
இம்முறை நீலம்.