எழுத்துக்கு ஆறு யூரோ

கல்லில் எழுதுகிறவனுக்கு
நாளடைவில் வாய் சிறுத்துவிடும்.
எனக்கும் அப்படித்தான்.
எழுத்துக்கு ஆறு யூரோ,
தலையில் கொக்கி இருந்தால் மேலே இரண்டு.
எங்கள் ஸ்லோவேனிய மொழியில்
சீறுகிற எழுத்துகளுக்கெல்லாம்
தலையில் ஒரு கொக்கி உண்டு.

ஸ்தென்கா மழைக்கோட்டைக் கழற்றாமல்
ஒரு பழைய பஸ் டிக்கெட்டை நீட்டினாள்.
பின்பக்கம் பென்சிலில் புருஷன் பெயர்:
வேகோஸ்லாவ் ஷ்னிதார்ஷிச்.
எண்ணினேன்.
"பதினேழு எழுத்து, மூன்று கொக்கி. நூற்றெட்டு."

"கொக்கிக்குமா காசு?
தினம் லட்சம் எழுத்தை
இலவசமாய்க் கொட்டின மனுஷனுக்கு?"

பொய்யில்லை.
செஜானா பஸ்ஸை அவர்தான் ஓட்டினார்.
தலைக்கு மேல் பலகை:
ஓட்டுநரோடு பேசாதீர்கள்.
நாங்கள் பேசவில்லை.
இடைவெளி கிடைத்தால்தானே.
ஒரு தடவை
அவருடைய சித்தப்பாவின் கழுதையை
இத்தாலிய எல்லையில் சுங்கக்காரன் மறித்தான்.
என் நிறுத்தம் வந்தபோது
கழுதை காதை ஆட்டிக்கொண்டிருந்தது.
மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி
புரா காற்றில் தொப்பியைப் பிடித்தபடி
நடந்தே திரும்பினேன்.
எனக்குத் தெரிந்து அந்தக் கழுதை
இன்னும் எல்லையில்தான் நிற்கிறது.

கல்யாணத்தன்று பதிவாளர்
"சம்மதமா?" என்று கேட்டாராம்.
ஒரு சொல்லில் முடிகிற வேலை.
"சம்மதம் என்று எடுத்துக்கொண்டால்," என்று
இவர் ஆரம்பித்தாராம்.
விருந்தில் சூப் ஆறிப்போனது.

மார்ச்சில், ஷூ கயிறு கட்டும்போது,
"நிலவறைச் சாவியை எங்கே வைத்தேன் என்றால்,
முதலில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்,"
அவ்வளவுதான்.
அப்படியே சாய்ந்துவிட்டார்.
"உள்ளே நானூறு லிட்டர் தெரான் ஒயின்.
ஏழு மாதமாய் நான் குழாய்த் தண்ணீர் குடிக்கிறேன்."

வழக்கமான வரிகளைப் புரட்டிக் காட்டினேன்.
"நிம்மதியாக உறங்குக."
"தூக்கத்திலும் பேசினவர். வேண்டாம்."
"அன்புக் கணவர்."
"அது எனக்குத் தெரியும். கல்லுக்கு எதற்கு?"

பாவமாக இருந்தது. விலை குறைத்துப் பழக்கமில்லை.
"பெயரோடு நிறுத்துவோம்,
முடிவில் ஒரு முற்றுப்புள்ளி, அது இலவசம்" என்றேன்.

ஸ்தென்கா என்னைப் பார்த்த பார்வையில்
உளி மழுங்கியிருக்கும்.
"முப்பத்தெட்டு வருஷத்தில்
அவர் ஒரு தடவைகூட வைக்காததை
நீங்கள் வைப்பீர்களா?"

மேசையில் படிந்த சுண்ணாம்புத் தூளில்
விரலால் எதையோ கிறுக்கினாள்.
"காற்புள்ளி எவ்வளவு?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
விலைப்பட்டியலில் இல்லை.
குனிந்து தூளைப் பார்த்தேன்:
தலையிலிருந்து நழுவிக்
கீழே விழுந்த கொக்கி.
"இரண்டு" என்றேன்.
சில்லறையாக எண்ணி வைத்தாள்.

நிறுத்திய மறுநாள்
பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
நகராட்சியிலிருந்து போன்:
"ஷ்னிதார்ஷிச் கல் எப்போது முடியும்?"
பழைய பஸ் பயணிகள் சிலர்
அந்தக் கல்லின் முன்னால் தயங்குகிறார்கள்,
பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி,
ஒரு காலைப் படியில் வைத்தவர்கள் மாதிரி
கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போகிறார்கள்.

நேற்று ஸ்தென்கா இந்தப் பக்கம் வந்தாள்.
வாடிக்கையாளரிடம் நான் எதுவும் கேட்பதில்லை.
என்ன தோன்றியதோ,
"சாவி கிடைத்ததா?" என்றேன்.

பையைக் கீழே வைத்தாள்.
கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்தாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"சாவியா? அதை ஏன் கேட்கிறீர்கள்,
முதலில் உங்களுக்கு அந்தக் கழுதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்,"

உளியைக் கீழே வைத்தேன்,